குறைந்த விலையில் உழைக்கக்கூடிய கத்தானா: திருநெல்வேலிக்காரர் வாங்குவது எப்படி

நம்ம ஊரில் வெட்டிரும்பைப் பார்த்து வாங்கத் தெரியாதவர்கள் குறைவு. வாழைக்குலை வெட்டவும் கருவேல முள் கழிக்கவும் அரிவாள் வாங்கப் போனால், பளபளப்பைப் பார்த்து யாரும் காசு கொடுப்பதில்லை. வெட்டு வாயைப் பார்ப்பார்கள், சுண்டிப் பார்ப்பார்கள், பிடியை ஆட்டிப் பார்ப்பார்கள். ஆனால் அதே ஆள் கத்தானா என்ற ஜப்பானிய வாள் என்று வந்ததும் போனில் படத்தைப் பார்த்து, டிராகன் போட்ட கைக்காப்பிலும் (பிடிக்கு மேலே கையைக் காக்கும் தகடு) சிவப்பு உறையிலும் மயங்கி 5,000 ரூபாயை விட்டுவிடுகிறார். சிலம்பம் கற்றுவிட்டு ஜப்பானிய வாள் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். அவர்களையும், ஒரு நல்ல வாளை முறையாக வைத்துக்கொள்ள நினைப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

என் கட்சி ஒன்றுதான். வாளில் உங்கள் காசு போக வேண்டிய இடம் இரண்டு: இரும்பைக் காய்ச்சித் தோய்த்துக் கொடுத்த பதம், பிடியின் பொருத்தம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் படி: சட்டம்

இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் வாளை ஆயுதம் என்றே வகைப்படுத்துகின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கூர்மையான ஆயுதங்கள் அந்தப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் தோட்டத்து அரிவாளுக்கு யாரும் உரிமம் கேட்பதில்லை. "வீட்டில் ரெண்டடி அரிவாளே கிடக்கு, வாள் இருந்தா என்ன?" என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. கத்தானாவுக்கு விவசாய வேலை எதுவும் கிடையாது.

வெளிநாட்டிலிருந்து ஆயுதம் வரவழைக்க அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி தனி உரிமம் வேண்டும். வெளிநாட்டு இணையக் கடைகள் இதைச் சொல்லாது. காசை வாங்கிக்கொண்டு பெட்டியை அனுப்பிவிடும், பெட்டி சுங்கத்தில் நிற்கும், பதில் சொல்ல வேண்டியது நீங்கள். உள்ளூர் ஆசாரியிடம் படத்தைக் காட்டி அடித்துத் தரச் சொல்வதும் வழியில்லை. விற்பனைக்கு ஆயுதம் செய்யவும் உரிமம் வேண்டும், ஆக அவரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். நம்ம பக்கத்துப் பட்டறைகள் ஏற்கெனவே போலீஸ் கண்ணில் இருப்பவை. அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரி, போன் எண்ணைப் பதிந்து வைக்கச் சொல்லி 2021-இல் தமிழகக் காவல்துறை பட்டறைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது.

ஆகவே முதலில் போக வேண்டிய இடம் உரிமம் வழங்கும் அலுவலகம். மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர் அலுவலகம், வெளியே என்றால் ஆட்சியர் அலுவலகம். என்ன வாங்கப் போகிறீர்கள், எதற்கு, எங்கே வைப்பீர்கள் என்று எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். விற்பவரிடம் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவிலேயே வாள் செய்யும் பெரிய நிறுவனங்கள் உண்டு. தேராதூனில் 1943-இல் தொடங்கிய விண்ட்லாஸ் பல நாட்டு ராணுவங்களுக்கு வாள் செய்து கொடுக்கிறது. உள்நாட்டில் முறையான பில்லோடு வாங்குவது, கப்பலில் வருவதை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட மேல்.

வாங்கிய பிறகு அதைப் பிடித்துக்கொண்டு ரீல்ஸ் போட வேண்டாம். பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டியவர்கள் எத்தனை பேர் ஸ்டேஷனில் உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வெட்டிரும்பு சாதிச் சண்டையோடு ஒட்டிப்போன சீமை இது. வாளை வெளியே காட்டுவது இங்கே விளையாட்டாகப் பார்க்கப்படாது, பார்க்கப்படவும் கூடாது.

உரிமம் கிடைக்கவில்லையா? மர வாள் இருக்கிறது, பொக்கென் என்பார்கள். ஆரம்பப் பயிற்சி முழுவதையும் அதிலேயே செய்யலாம். பெரும்பாலான ஆசிரியர்கள் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பார்கள்.

இரண்டாம் படி: எதற்கு என்று முடிவு செய்வது

சுவரில் மாட்ட, உருவி வீசிப் பழக, பாயை வெட்டிப் பழக: இந்த மூன்றுக்கும் ஒரே வாள் கிடையாது. சுவருக்கு என்றால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை, மலிவான துருப்பிடிக்காத எஃகே போதும். ஆனால் அதை ஒருபோதும் வீசாதீர்கள். அந்த வகை எஃகு நீள வாளில் சட்டென்று முறியும், பிடிக்குள்ளே பெரும்பாலும் மெல்லிய கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். வீசும்போது வாள் கழன்று பறந்தால் எதிரே நிற்பவர் கதி அதோகதி.

உருவிப் பழகுபவர்களுக்கு இயாய்தோ என்ற கூரில்லாத வாள் உண்டு. ஜப்பானில் அதைப் பெரும்பாலும் துத்தநாகம், அலுமினியக் கலவையில் வார்க்கிறார்கள், கூர் பிடிக்கவே பிடிக்காது. வெட்டிப் பழகத்தான் உண்மையான எஃகு வாள் வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கு.

ஜப்பானிலேயே செய்த வாள் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உரிமம் பெற்ற கொல்லர் குறைந்தது 5 ஆண்டு ஒருவரிடம் வேலை கற்றிருக்க வேண்டும். மாதத்துக்கு 2 நீள வாளுக்கு மேல் செய்ய அனுமதி இல்லை. இரும்பு மணலை உருக்கி ஷிமானே மாகாணத்தில் எடுக்கும் எஃகு அவருக்குப் பங்கிட்டுத்தான் கிடைக்கும். விலை லட்சங்களில் போகும். குறைந்த விலையில் உலகம் முழுக்க விற்பவற்றில் பெரும்பகுதி சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் உள்ள லொங்சுவான் ஊரிலிருந்து வருகிறது. பல நூற்றாண்டுகளாக வாளுக்குப் பேர்போன ஊர் அது. நல்ல சரக்கும் அங்கிருந்துதான், குப்பையும் அங்கிருந்துதான்.

மூன்றாம் படி: எஃகின் எண்ணைப் படிப்பது

விளம்பரத்தில் 1045, 1060, 1095 என்று எண் வரும். கடைசி இரண்டு இலக்கம் கரியின் (கார்பன்) அளவு: 1060 என்றால் சுமார் 0.60 சதவீதம். கரி கூடக் கூட வாய் கடினமாகும், கூர் நிற்கும், கூடவே நொறுங்கும் குணமும் ஏறும். 1045 மிருதுவானது, கூர் சீக்கிரம் போகும், ஆனால் எளிதில் முறியாது. 1095-ஐப் பதம் தெரிந்தவர் அடித்தால் அருமையாக இருக்கும். தெரியாதவர் அடித்தால் முதல் தப்பு வெட்டிலேயே வாயில் பல் விழும். தொடக்கக்காரருக்கு 1060 சரியான இடம்.

அடுத்து 5160, 9260. இரண்டும் சுருள்வில் எஃகு. முன்னதில் கொஞ்சம் குரோமியம், பின்னதில் சுமார் 2 சதவீதம் சிலிக்கான். வளைந்தால் நிமிரும் குணம் அதிகம். நம்ம ஆசாரிமார் லாரிப் பட்டையை வாங்கிவந்து அரிவாள் அடிப்பதும் இந்த வகை இரும்பை நம்பித்தான். வெட்டுக் கோணம் இன்னும் கைக்கு வராதவருக்கு இவை இரண்டும் பிழை பொறுக்கும்.

டி10 என்று ஒன்று விற்கிறது. சுமார் 1 சதவீதம் கரி உள்ள சீன வெட்டுக்கருவி எஃகு அது, நல்ல எஃகுதான். அதில் டங்ஸ்டன் சேர்ந்திருக்கிறது என்ற விளம்பர வாசகத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

'ஆயிரம் மடிப்பு டமாஸ்கஸ்' என்பதற்குக் கூடுதலாகக் காசு கொடுக்கவே வேண்டாம். பழைய காலத்தில் உலையிலிருந்து வந்த எஃகு ஓரிடத்தில் கடினம், ஓரிடத்தில் மிருது, இடையில் கசடு என்று இருந்தது. அதைச் சீராக்கத்தான் மடித்து மடித்து அடித்தார்கள். இன்று ஆலையிலிருந்து வருவது ஏற்கெனவே சீரான எஃகு. அதை மடித்தால் அழகான வரி கிடைக்கும், பலம் கூடாது. மடிப்புகளுக்கு நடுவே ஒட்டாத இடம் விட்டுப்போனால் பலவீனம்தான் மிச்சம். 'கையால் அடித்தது' என்பதையும் இதே கண்ணோடு பாருங்கள். சம்மட்டியால் அடித்தாலும் மின் சுத்தியலால் அடித்தாலும் வாள் உழைப்பதைத் தீர்மானிப்பது அடுத்த படிதான்.

நான்காம் படி: பதம்

எஃகைச் சுமார் 800 டிகிரிக்குக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று தோய்த்தால் அது கடினமாகும். அப்படியே விட்டால் நொறுங்கும். அதனால் மறுபடி மிதமாகச் சூடாக்கி முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிப்பார்கள். வாளின் தலையெழுத்து இந்த இரண்டு சூட்டில்தான் இருக்கிறது. இதே எஃகில் ஒருவர் வாளும் செய்யலாம், இன்னொருவர் கண்ணாடித் துண்டும் செய்யலாம்.

வாளுக்கு இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். முழு வாளையும் ஒரே பதத்தில் எடுப்பது ஒன்று. தவறாக வெட்டினால் வளைந்து திரும்ப நிமிர்ந்துகொள்ளும். மற்றது பழைய ஜப்பானிய முறை: முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வாயில் மெலிதாகவும் பூசித் தோய்ப்பது. வாய் வேகமாகக் குளிர்ந்து கடினமாகும், முதுகு மெல்லக் குளிர்ந்து மிருதுவாக நிற்கும். கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் வாய் 58, 60 என்று இருந்தால் முதுகு 40 பக்கம் இருக்கும். கூர் நன்றாக நிற்கும், ஆனால் தப்பு வெட்டில் வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். நிமிர்த்த ஆள் தேட வேண்டும், நம்ம பக்கத்தில் கிடைப்பது கஷ்டம். அதனால் முதல் வாள் ஒரே பதத்தில் எடுத்த 1060-ஆகவோ 5160, 9260-ஆகவோ இருக்கட்டும் என்பேன். அலைக்கோட்டின் அழகுக்காகக் களிமண் பூசியதை வாங்க நினைப்பவர்கள் அதை இரண்டாவது வாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த அலைக்கோட்டைத்தான் ஹாமோன் என்கிறார்கள். களிமண் முறையில் கடினமான பகுதியும் மிருதுவான பகுதியும் சேரும் இடத்தில் தானாக வருவது. மலிவு வாளில் அமிலம் தடவியோ கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோ அதைப் போலியாகப் போடுவார்கள். கண்டுபிடிப்பது எளிது. அறையில் ஒரே ஒரு குண்டு பல்பு எரியட்டும், வாளை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உண்மையானது ஓரத்தில் மேகம் படிந்தது மாதிரி மங்கலாகத் தெரியும், சாய்வுக்கேற்ப எட்டிப் பார்க்கும், நுனிக்குள்ளும் வளைந்து போகும். போலி எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் அச்செடுத்தது மாதிரி ஒரே அலை. இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் இப்படி ஒரு பல்பு வெளிச்சத்தில் வீடியோ கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள்.

பதம் என்றால் என்னவென்று கண்ணால் பார்க்க வேண்டுமா? அரிவாள் அடிக்கும் பட்டறை எதற்காவது போய், "அண்ணாச்சி, தோய்ச்சல் போடுதத நின்னு பாத்துக்கிடுதேன்" என்று கேளுங்கள். வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுத்து, முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு இறங்கும்போது வைக்கோல் நிறம் வருவதைப் பார்த்து நிறுத்துவார். களிமண் இல்லை, அவ்வளவுதான். கடினமான வாய், மிருதுவான முதுகு என்ற கணக்கு ஒன்றேதான். இரும்பு இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. ஆதிச்சநல்லூரில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளோடு இரும்பு வாள்களும் கிடைத்தன.

ஐந்தாம் படி: பிடியைக் கழற்றிப் பார்ப்பது

இதைச் செய்யாமல் கத்தானா வாங்கக் கூடாது. வாளின் அடிப்பகுதி பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது, எப்படிப் போகிறது என்பதே பயிற்சியில் உங்களையும் பக்கத்தில் நிற்பவரையும் காப்பாற்றுகிறது. முறையாகச் செய்த பிடியில் ஆணியும் பசையும் இருக்காது. ஒன்றோ இரண்டோ மூங்கில் ஆப்பு மட்டும் குறுக்கே செருகியிருக்கும், மெகுகி என்பார்கள். ஆப்பின் ஒரு முனை சிறுத்திருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்து சின்ன பித்தளைச் சுத்தியலால் தட்டினால் மறுபக்கம் வந்துவிடும். பிறகு வாளைச் சாய்த்துப் பிடித்து, பிடித்திருக்கும் கையின் மணிக்கட்டை மறு கை முஷ்டியால் தட்டினால் பிடி தளரும்.

கழற்றியதும் பார்க்க வேண்டியவை: அடிப்பகுதி வாளின் அதே இரும்பாக, ஒரே துண்டாக, பிடி நீளத்தில் முக்கால் பங்குக்காவது போக வேண்டும். பற்றவைத்த தடம் இருந்தாலோ முனையில் மரை போட்ட கம்பி இருந்தாலோ அப்படியே திருப்பிக் கொடுங்கள், பேரமே வேண்டாம். பிடியின் மரத்துக்குள் காகிதமோ தகடோ திணித்து இறுக்கியிருக்கக் கூடாது. மரத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஆப்புத் துளையைச் சுற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் பிளக்கும். பசை போட்டு ஒட்டி, கழற்றவே முடியாத பிடி என்றால் உள்ளே எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிடியின் மேல் திருக்கைமீன் தோல், அதன் மேல் நாடா. நாடா ஒவ்வொரு குறுக்கிலும் மேலும் கீழும் மாறி மாறிப் போக வேண்டும். கட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் நகரக் கூடாது. நகர்ந்தால் வியர்த்த கையில் வாள் திரும்பிவிடும், நம்ம சித்திரை வெயிலில் கை வியர்க்காமல் யாருக்கு இருக்கிறது?

மாற்று ஆப்பு நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள். கல் மூங்கிலின் தோலை ஒட்டிய பகுதியில், நன்றாகக் காய்ந்ததில் சீவ வேண்டும். உட்பக்கம் நார் தளர்ந்தது, நிற்காது. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் ஆப்பை விரலால் அழுத்திப் பார்ப்பது பல் தேய்ப்பதைப் போலப் பழக்கமாக வேண்டும்.

ஆறாம் படி: அளவு

கத்தானா என்றால் வாய் நீளம் 60 சென்டிமீட்டருக்கு மேல், அதற்குக் கீழே குட்டை வாள் வகை. நம்மில் 165 முதல் 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 70 முதல் 73 வரை சரியாக வரும். வெறுங்காலில் நின்று, கையைத் தொங்கவிட்டு வாளைப் பிடித்தால் நுனி தரையைத் தொடாமல் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். எடை உறை இல்லாமல் 1 முதல் 1.3 கிலோ. ஆனால் எடையைவிடச் சமநிலை முக்கியம். கைக்காப்பிலிருந்து 12 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி விரலில் நிறுத்தினால் நிற்க வேண்டும். அதைவிடத் தள்ளிப் போனால் நுனி பாரமாக இழுக்கும், அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். மலிவு வாளில் அடிமுதல் நுனிவரை ஒரே தடிமன் இருப்பதுதான் காரணம். நல்லதில் அடியில் 6, 7 மில்லிமீட்டர் இருந்து நுனிக்குப் போகப் போகக் குறையும்.

முதுகை ஒட்டி நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். ரத்தம் வடிய என்று சொல்வது கதை. எடை குறையத்தான் அது, வீசும்போது சத்தமும் கேட்கும். வீசிப் பழகப் பள்ளம் உள்ளது, வெட்டிப் பழகப் பள்ளம் இல்லாதது.

ஏழாம் படி: விலை

உழைக்கக்கூடிய தொடக்கநிலை கத்தானா வெளிநாட்டில் சுமார் 200 முதல் 400 டாலருக்குள் கிடைக்கிறது. 3,000 ரூபாய்க்கு 'போருக்கு ரெடி' என்று வருவது சுவர் அலங்காரம். 400 டாலருக்கு மேல் போனால் மெருகும் அலங்காரமும்தான் கூடுகின்றன, தொடக்கக்காரர் கைக்கு வித்தியாசம் தெரியாது. மிச்சப் பணத்தை ஆசிரியருக்குக் கொடுங்கள்.

வாங்கி வந்ததும் உறையைப் பாருங்கள். மெத்தைக்கு மேலே வாளைத் தலைகீழாகப் பிடித்தால் தானாக நழுவக் கூடாது. ஆட்டினால் உள்ளே கடகடக்கவும் கூடாது. உருவும்போது உறை வாயைப் பிடித்திருக்கும் விரல்கள் வெட்டு வாய்ப் பக்கம் மடங்கியிருக்கக் கூடாது. புதியவர்களுக்குக் காயம் அதிகம் படுவது வெட்டும்போது இல்லை, உருவும்போதும் உறையில் போடும்போதும்தான்.

எட்டாம் படி: எதை வெட்டுவது

ஜப்பானில் தத்தாமிப் பாயைச் சுருட்டி, தண்ணீரில் ஊறவைத்து, நிறுத்தி வெட்டுவார்கள். நமக்குப் பக்கத்திலேயே பத்தமடை இருக்கிறது. அங்கே பட்டுப்போல நெய்யும் பாயைத் தொட வேண்டாம், பாவம். வீட்டில் கிழிந்துபோன பழைய கோரைப்பாயைச் சுருட்டி, மூன்று இடத்தில் சணலால் கட்டி, ராத்திரி முழுக்க ஊறவைத்தால் நல்ல இலக்கு. பிளாஸ்டிக் பாயும் நைலான் நூலில் நெய்ததும் வேண்டாம், வாயில் சிக்கி இழுக்கும்.

இன்னொன்று வாழை. களக்காடு, ஏர்வாடிப் பக்கம் குலை வெட்டிய மரங்கள் தோட்டத்தில் சும்மா கிடக்கும், உரிமையாளரிடம் கேட்டு எடுக்கலாம். மிருதுவானது, கோணம் தப்பினாலும் வாளை வளைக்காது. ஆனால் வாழைப்பால் எஃகில் கறுப்பாகக் கறை போடும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும். தென்னை மட்டை, பனை மட்டை, காய்ந்த மூங்கில் பக்கம் போகவே வேண்டாம். அதற்குத்தான் அரிவாள்.

வெட்டும் இடத்தில் முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. தனியாக, ஆசிரியர் இல்லாமல் முதல் வெட்டு வேண்டாம்.

ஒன்பதாம் படி: வைத்துக்கொள்வது

இந்த எஃகு துருப்பிடிக்கும். உவரி, திருச்செந்தூர் மாதிரிக் கடற்கரையில் உப்புக் காற்று, தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் மாதங்களில் ஈரம், ஐப்பசி கார்த்திகையில் எல்லா இடத்திலும் மழை. மாதம் ஒரு முறையும், வெட்டிய நாளிலும், துடைத்து மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். ஜப்பானில் கிராம்பு மணம் சேர்த்த எண்ணெய் விற்கிறார்கள். தையல் மெஷின் எண்ணெயே நமக்குப் போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம், நாளானால் பிசுக்காகி உறைக்குள் ஒட்டும். விரலால் வாளைத் தொடாதீர்கள், வியர்வைத் தடம் இரண்டே நாளில் துருத் தடமாகும். உறைக்குள் எண்ணெய் ஊற்றவும் கூடாது.

ஆயுத பூஜைக்கு வாளை எடுத்து வைப்பீர்கள், தெரியும். சந்தனம் குங்குமத்தை உறையிலோ கைக்காப்பிலோ வையுங்கள், எஃகில் வைக்காதீர்கள். வாள் நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி வைக்கும் வழக்கம் இருந்தால் அதை அரிவாளுக்கு மாற்றிவிடுங்கள். எலுமிச்சைச் சாறு ஒரு ராத்திரியில் மெருகைத் தின்றுவிடும், அதைத் திருப்பிக் கொண்டுவர நல்ல செலவு ஆகும்.

வைக்கும் இடம் பூட்டுள்ள மர அலமாரி. வாள் படுத்த வாக்கில், வெட்டு வாய் மேலே பார்த்தபடி இருக்கட்டும். சாவி உங்களிடம் மட்டும். பயிற்சி இடத்துக்குக் கொண்டுபோக உரிமத்தில் அனுமதி இருந்தால், உறையிலிட்டுப் பெட்டியில் பூட்டி, உரிமத்தின் நகலோடு சொந்த வண்டியில் கொண்டுபோங்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் வேண்டாம்.